ஆடி அமாவாசைக்கு மீன் பொரிக்கும் வீடு

ஒரு புத்தகத்தை மொழிபெயர்த்தவளுக்கு அதைப் பாடம் நடத்தவும் தெரியும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். அவனால்தான் திருகோணமலைக்குப் போனேன். போன இடத்தில், கேட்கக் கூடாத ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டு வந்தேன்.

ஹிட்லர் காலத்து வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட ஒரு யூதப் பெண்மணி, முதிய வயதில் எழுதிய நினைவுக்குறிப்பு அது. இரண்டு வருடம் உட்கார்ந்து தமிழாக்கினேன். திருநெல்வேலியில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் என் உறவுக்காரர்கள். வாங்கியதோடு அவர்கள் கடமை முடிந்தது. ஆனால் கடல் தாண்டித் திருகோணமலையில் பிலோமினா என்ற ஆசிரியை இரண்டு முறை வாசித்திருக்கிறார். உயர்தர வகுப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். "பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு எங்கட பிள்ளையளுக்கு ஒரு மூண்டு நாளைக்கு இதைப் படிப்பிக்க வாங்கோ" என்று தொலைபேசியில் கூப்பிட்டார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போயிட்டு வா, மீன் நல்லா இருக்குமாம்" என்றார். அவருக்கு எந்த ஊரும் மீனால்தான் ஞாபகம்.

செவ்வாய்க்கிழமை மாலை போய் இறங்கினேன். கச்சான் காற்று என்று ஒரு வறண்ட காற்று, முகத்தில் மண்ணை அள்ளிக் கொட்டி வரவேற்றது. பிலோமினாவின் வீடு ஓர்ஸ் ஹில்லில். எல்லோரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள், அவருடைய கணவர் உட்பட. குசினி என்கிற சமையலறையின் ஜன்னலைத் திறந்தால் கீழே உள்துறைமுகம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளியில் நெட்டுருப் போட்டது; நேரில் பார்த்தால் ஒரே ஒரு கப்பல் அசையாமல் நின்றது. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் மீன் சொதியும். எங்கள் ஊரிலும் சொதி உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் ஊற்றுவது. அதில் மீனைப் போட்டால் சம்பந்திச் சண்டை வந்து பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரீச்சரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அந்தப் பயணத்தில் நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை முதல் வகுப்பு. பிள்ளைகள் மர வாங்குகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறந்ததும் முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். "மிஸ், நீங்கள் ரீவி நாடகத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறீங்கள்" என்றாள் ஒருத்தி. கிண்ணியாவிலிருந்து வருகிற நஸ்ரின். அவள் வாய் ஓயாது என்று ரீச்சர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

புத்தகத்தின் முதல் பகுதியில், ஹங்கேரியில் ஒரு சிறு நகரத்திலிருந்து அந்தக் குடும்பத்தை ரயிலேற்றுகிறார்கள். இதே பகுதியைத் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் நடத்தியபோது, இது பரீட்சைக்கு வருமா என்று மட்டும் கேட்டார்கள். இங்கே வேறு விதமான கேள்விகள்.

"மிஸ், வீட்டைப் பூட்டினவையோ? திறப்பை ஆரிட்டைக் குடுத்தவை?"

திறப்பு என்றால் சாவி. பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள் என்றேன்.

"அந்தச் சனம் திருப்பிக் குடுத்ததோ?"

இல்லை என்றேன். கேட்ட பையன் தலையை ஆட்டினான். அதில் அவனுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

"கோழியளை என்ன செய்தவை? சமைச்ச பானையைக் கொண்டுபோனவையோ?" என்று இன்னொரு பக்கத்திலிருந்து. இரண்டு வருடம் அந்தப் பக்கங்களோடு குடித்தனம் நடத்திய எனக்கு, அந்த வீட்டுக் கோழிகளைப் பற்றி ஒரு நாளும் தோன்றியதில்லை.

நஸ்ரின் எழுந்தாள். "மிஸ், அவவுக்குச் செய்தது பெரிய அநியாயம். வாசிக்க எனக்கு அழுகை வந்தது. ஆனா இப்ப காஸாவில சின்னப் பிள்ளையள் சாகுதுகள். அதுக்கும் அழலாம்தானே?"

வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. "அழலாம். ஒண்ணுக்கு அழுதா இன்னொண்ணுக்குக் கண்ணீர் தீர்ந்துபோயிடுமா என்ன" என்றேன். அவள் உட்கார்ந்தாள். திருப்தியாக உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை. எனக்கும் திருப்தியில்லை.

ஜன்னலோரக் கடைசி வாங்கில் உயரமாக ஒரு பையன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் புத்தகத்தில் நான் சொல்லும் பக்கத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விடுவான். பெயர் கஜீபன்.

வியாழக்கிழமைதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அன்றைய பாடம் அப்பாவைப் பற்றியது. ரயிலை விட்டு இறங்கிய இடத்தில் அப்பாவை ஒரு வரிசைக்கும் மகளை ஒரு வரிசைக்கும் பிரித்துவிடுகிறார்கள். பிறகு அவரைப் பார்த்தவர் யாரும் இல்லை. போர் முடிந்து பதினொரு வருடம் அவருடைய குளிர்ச்சட்டையை அலமாரியில் தொங்கவிட்டு, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்கிறார் மகள். யூதர்களுக்கும் நம்மைப் போலத்தான், இறந்த நாளன்று ஆண்டுக்கொரு முறை வீட்டில் விளக்கேற்ற வேண்டும். நாள் தெரிந்தால்தானே ஏற்றுவது? கடைசியில் அவரே ஒரு நாளைத் தேர்ந்து விளக்கை ஏற்றுகிறார். அப்பாவைக் கொன்றது நான்தான் என்று அந்தச் சுடரின் முன்னால் தோன்றியதாக எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைத் தமிழில் கொண்டுவர எனக்கு ஒரு வாரம் ஆனது.

வாசித்து முடித்ததும் யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை. அந்த இறுக்கம் எனக்குத் தாங்கவில்லை. சகஜமாக்குகிறேன் பேர்வழி என்று சொன்னேன்: "நமக்கும் இப்படி ஒரு நாள் இருக்கே. ஞாயித்துக்கிழமை ஆடி அமாவாசை. யார் யார் விரதம்? கையத் தூக்குங்க பாப்போம்."

எங்கள் ஊரில் ஆடி அமாவாசை என்றால் பாபநாசம் போகிற பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் வெங்காயம் பூண்டு இல்லாத சமையல், பாட்டன் பூட்டன் எல்லோருக்கும் சேர்த்து. கையைத் தூக்கச் சொன்னால் வகுப்பே தூக்கும்.

இங்கே ஒரு கை மெல்ல எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. மற்றவர்கள் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். கஜீபனின் கை காதுவரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது, பிறகு தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. பின்னால் நின்ற ரீச்சர், "சரி பிள்ளையள், இண்டைக்குக் காணும்" என்று அவசரமாக வகுப்பைக் கலைத்தார்.

வராந்தாவில் வைத்துச் சொன்னார். "மிஸ், இங்க அந்த விரதம் அப்பா இல்லாத ஆக்கள்தான் பிடிக்கிறவை. தேப்பன் உயிரோட இருந்தால் பிடிக்கப்படாது. நீங்கள் கேட்டது, ஆருக்கெல்லாம் தேப்பன் செத்துப்போனார் எண்டு."

எனக்குக் காது சுட்டது.

"கஜீபன் தாய்ன்ர வயித்துக்குள்ள இருக்கேக்க, தேப்பன் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குச் சைக்கிளில போனவர். அவரும் வரேல்ல, சைக்கிளும் வரேல்ல. தாய் பொட்டு வைக்கிறா, கலர்ச் சீலை கட்டுறா. ஆடி அமாவாசைக்கு அவையின்ர சல்லி ஊரில அந்த ஒழுங்கை முழுக்கச் சாம்பிராணி மணக்கும். அவ மட்டும் மீன் பொரிப்பா. அண்டைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகாயினம். முதல் நாளே வாங்கி ஐஸ் போட்டு வைச்சுப் பொரிப்பா. இந்த வீட்டு மனுசன் இருக்கிறார் எண்டு நாலு பேருக்குத் தெரிய வேணுமாம்."

அன்றிரவு சாப்பாட்டுக்குப் புட்டு. ரீச்சர் பரிமாறிக்கொண்டே, "நானும் முதலே சொல்லியிருக்க வேணும். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்குமெண்டு நினைக்கேல்ல" என்றார். இரண்டு ஊரிலும் ஒரே மொழி, ஒரே ஆடி அமாவாசை, மற்றதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் தனியாகச் சந்தைக்குப் போனேன். ஒரு வியாபாரி முன்னால், சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய்கள் கும்பலாகக் கிடந்தன. என்ன காய் என்றேன். "காத்தோட்டிக்காய் அம்மா. ஆடி அமாவாசைக்கு மட்டும்தான் விக்கிறது. சரியான கைப்பு. விரதக்காரரோ நீங்கள்?" என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. ஆனால் அண்ணன்கள் இருக்கிறார்கள், அந்தக் கடமையெல்லாம் அவர்களுடையது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நகர்ந்துவிட்டேன். முந்தின நாள் பிள்ளைகளை என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்பது அப்போது இன்னும் நன்றாகப் புரிந்தது.

அந்தக் குழப்பத்தில் பஸ் மாறி ஏறினேன். கடல் வலதுபக்கமாக ஓடிக்கொண்டே இருந்தபோதுதான் சந்தேகம் வந்தது. "ஓர்ஸ் ஹில்லோ? அம்மா, இது நிலாவெளி பஸ். நீங்கள் ஊரையே விட்டுட்டு வந்திட்டீங்கள்" என்றார் நடத்துநர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நிலாவெளியில் இறக்கிவிட்டார்கள். ஹோட்டல் வாசலில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று, மீன்மாதிரி ஊதிய ரப்பர் மிதவையோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மதில் ஓரத்துக் கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காற்றில் அடித்துக்கொண்டன. கஜீபனின் அம்மாவும் இப்படி ஒரு ஹோட்டலில்தான் விரிப்புத் துவைக்கிறார் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். எட்டிப் பார்க்கத் துணிவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அன்று கடைசி வகுப்பு. முடிந்ததும் கஜீபன் தங்கி நின்றான்.

"மிஸ், நாள் தெரியாட்டி நாங்களே ஒரு நாளை வைக்கலாமோ?"

"அந்தம்மா வச்சாங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு என்ன தகுதி?

"எனக்கு நாள் தேட வேண்டாம் மிஸ். ஆடி அமாவாசை இருக்கு. நேற்று அம்மாட்டைச் சொல்லிட்டன், இந்த முறை விரதம் பிடிக்கப் போறன் எண்டு. எனக்கு அப்பா இருக்கிறாரோ இல்லையோ எண்டு கேட்டால், ஒரு மறுமொழி சொல்ல வேணும் மிஸ். எனக்குப் பதினேழு வயசு. ஒருக்காலும் சொன்னதில்ல."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"கதைக்கேல்ல. அதுக்குப் பிறகு என்னோட கதைக்கவேயில்ல."

மாலையில் ரீச்சர் என்னைச் சல்லிக்குக் கூட்டிப் போனார். வெள்ளிக்கிழமை, அவனுடைய அம்மா கோயிலில் இருப்பார். பிலோமினா ரீச்சர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஓரமாக நின்றார். கஜீபனின் அம்மா மங்களேஸ்வரி, மாம்பழ நிறச் சேலையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு அர்ச்சனைத் தட்டை நீட்டினார். ஐயர் கேட்பதற்கு முன்பே, "யோகராசா, உத்தராட நட்சத்திரம்" என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பெயருக்குத்தானாம் அர்ச்சனை. மகனுக்குக்கூடப் பிறந்தநாளுக்கு மட்டும்தான்.

வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களோ பிள்ளையளைக் கையைத் தூக்கச் சொன்னது?"

"நான்தாங்க. தெரியாம கேட்டுட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

அதை அவர் காதில் வாங்கவில்லை. "அந்தப் புத்தகத்தில இருக்கிற மனுசி, எத்தினை வருசம் பாத்துக்கொண்டிருந்தவ?"

"பதினொரு வருஷம்."

"விளக்கு ஏத்தினாப் பிறகு தேப்பன் வந்தவரோ?"

"இல்லைங்க."

"நான் பதினேழு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். அவ சின்னப்பிள்ளை, களைச்சுப் போனா. எனக்குக் களைக்கேல்ல." திருநீற்றை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்தார். "அவன் போறதெண்டால் போகட்டும், மறிக்க மாட்டன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெண்டு பேரும் வீட்டை வந்து சாப்பிடுங்கோ. நான் மீன் பொரிப்பன்."

ஓம், வாறம் என்று ரீச்சர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

சனிக்கிழமையை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். கோட்டைப் பக்கம் நடந்தேன். திருகோணமலையில் மான்கள் ஆடு மாடு மாதிரித் தெருவில் திரிகின்றன. ஒரு மான் பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டிருந்தது. பிடுங்கப் போனால் ஓடிவிட்டது, பையோடு. ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு வீட்டில் தாயையும் மகனையும் பேசாமல் ஆக்கிவிட்டேனே என்ற ஒரே நினைப்பு. புத்தகம் இல்லாவிட்டாலும் அவன் என்றாவது கேட்டிருப்பான் என்றார் ரீச்சர். இருக்கலாம். ஆனால் கையைத் தூக்கச் சொன்னது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே நகரக் கடற்கரையில் கூட்டம். ஐயர்மார் மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேட்டி நனைந்த ஆண்கள், தர்ப்பை, வாழையிலை, கற்பூரப் புகை. கஜீபன் தனியாக வந்திருந்தான். புது வேட்டி, மடிப்புக் கலையவில்லை. எங்களைப் பார்த்தும் சிரிக்கவில்லை. கடலில் முழுகிவிட்டு வந்து ஓர் ஐயர் முன்னால் உட்கார்ந்தான். நாங்கள் இரண்டடி தள்ளி நின்றோம்.

ஐயர் அவன் விரலில் தர்ப்பையைப் போட்டு, வலது உள்ளங்கையில் எள்ளை வைத்தார். "தேப்பனார்ர பேர்?"

"யோகராசா, உத்தராட நட்சத்திரம்."

வெள்ளிக்கிழமைதோறும் கேட்டுக் கேட்டு, பெயரும் நட்சத்திரமும் அவன் வாயில் ஒன்றாகவே வந்துவிட்டன.

ஐயர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறவர். "நட்சத்திரம் வேண்டாம் தம்பி. அது உயிரோட இருக்கிற ஆக்களுக்கு அர்ச்சனைக்குச் சொல்லுறது. இதுக்குப் பேர் மட்டும் காணும்."

ஐயர் மந்திரத்தைத் தொடங்கி, செம்புத் தண்ணீரை அவன் கைப்பக்கம் சாய்த்தார். "எள்ளோட சேர்த்துப் பெருவிரல் பக்கமாக் கீழ விடும்." அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். தண்ணீர் அவன் முழங்கையில் பட்டு மணலில் ஓடியது. எழுந்தான். தர்ப்பையைக் கழற்றி இலையில் வைத்துவிட்டு, மூடிய கையோடு கூட்டத்துக்கு வெளியே நடந்தான். அடுத்த ஆள் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"ஏலாது ரீச்சர்" என்று மட்டும் சொன்னான்.

ஓட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்கு எல்லா ஓட்டோவும் கடற்கரையில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறினோம். பிதுங்கியது. கஜீபன் இடது கையால் மட்டும் கம்பியைப் பிடித்திருந்தான். ஒவ்வொரு பிரேக்குக்கும் யார் மேலாவது போய் விழுந்தான். "தம்பி, ரெண்டு கையாலயும் பிடியும்! விழுந்து மண்டை உடைஞ்சால் எனக்கெல்லோ வழக்கு" என்று கத்தினார் நடத்துநர். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலது கை நெஞ்சோடு ஒட்டி மூடியே இருந்தது.

சல்லியில் இறங்கி அந்தக் குறுகிய ஒழுங்கையில் நடந்தோம். இரண்டு பக்கமும் சாம்பிராணி. ஒரு வீட்டில் காத்தோட்டிக்காய் வதங்குகிற கசப்பு மணம். திருப்பத்துக்கு முன்பே அதையெல்லாம் மீறிக்கொண்டு மீன் பொரிக்கிற வாசனை வந்துவிட்டது. கஜீபன் ஒரு கணம் நின்று, பிறகு நடந்தான்.

மங்களேஸ்வரி வாசலுக்கு வந்தார். மாவும் மஞ்சளும் அப்பிய கை. மகனுடைய ஈர வேட்டியைப் பார்த்தார்.

"குடுத்திட்டியோ?"

மூன்று நாளுக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் வார்த்தை அது.

அவன் கையைத் திறந்தான். வியர்வையில் எள் உள்ளங்கை முழுக்க ஒட்டிக் கிடந்தது. தாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே எண்ணெய் பொரிகிற சத்தம். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

"இந்தக் கையோடயோ சாப்பிடப் போறாய்?" என்றார் கடைசியில். "நீட்டு."

வாசல் வாளியிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டு, அவன் கையில் ஊற்றினார். எள் எளிதில் போகவில்லை. தன் விரலால் தேய்த்துத் தேய்த்து ஊற்றினார். அவனுடைய பெருவிரல் பக்கமாகத் தண்ணீரும் எள்ளும் சேர்ந்து மணலில் இறங்கின. கடற்கரையில் ஐயர் செய்யச் சொன்னதும் இதைத்தான். ரீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்தார். பாதிச் செம்பில் மங்களேஸ்வரியின் கை நின்றது. மணலைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. மீதித் தண்ணீரையும் நிதானமாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றி முடித்தார்.

எனக்கு அழுகை வந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். ஒரு வாரம் மல்லுக்கட்டித் தமிழாக்கிய அந்த வரி எனக்கு அப்போது வரை விளங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"வாங்கோ, இருங்கோ" என்று கதிரைகளை இழுத்துப் போட்டார். அழவில்லை. பீங்கான்களைக் கொண்டுவந்து வைத்தார். பிறந்ததிலிருந்து அமாவாசையன்று நான் மீனைத் தொட்டதில்லை. அன்று தொட்டேன். ரீச்சருக்கு இரண்டு துண்டு, எனக்கு இரண்டு துண்டு, தனக்கு ஒன்று வைத்தார். கஜீபனுக்குச் சோறு போட்டார், பருப்பு ஊற்றினார், அப்பளம் ஒன்றை நொறுக்கி வைத்தார். மீன் சட்டியை மூடிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்.